அடுக்கில் மேலே இருந்த இசைத்தட்டு

போன மாதம் எனக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'இசை, ஊடக ஆலோசகர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். எழுபத்தைந்து வயதில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வானொலியில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னைப் 'பாட்டு மேரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு விளம்பரக் கம்பெனிக்காரர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் வீடு தேடி வந்து யோசனை கேட்டுப் போனார்கள். அந்த வேலைக்கு இவ்வளவு பெரிய பெயர் இருக்கிறதென்று முன்பே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிடுக்காக நடந்திருப்பேன்.

விழா முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, வானொலியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் கம்ப்யூட்டரே பாட்டு வரிசையப் போட்டுருது லா. நாங்க பட்டனத் தட்டுறதோட சரி. உங்க காலத்துல யாரு வரிசை போட்டா? நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"கேமரன் மலையில. ஜப்பான்காரன் காலத்துல" என்றேன். அவளுக்கு வாய்க்குக் கொண்டுபோன சோறு பாதியில் நின்றுவிட்டது. மீதியை வாயால் சொன்னால் நான் அழுதுவிடுவேன், பிரியாணியும் ஆறிவிடும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இதோ எழுதியிருக்கிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. தாய் தகப்பன் இல்லாத என்னைப் பட்டணத்தில் கன்னியாஸ்திரீகள் வளர்த்தார்கள். ஆர்மோனியமும் பியானோவும் ஞானப்பாட்டும் அவர்கள் போட்ட பிச்சை. கச்சேரி, பஜனை, கூத்து எதையும் நான் பார்த்ததில்லை. மடத்துச் சுவர் அவ்வளவு உயரம். இருபது வயதில் சந்தியாகுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். நான் அங்கிருந்த சின்ன ஜெபக்கூடத்தில் ஆர்மோனியம் வாசித்தேன். குளிரில் விரல் விறைத்துக்கொள்ளும், பாட்டு தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். நான் வாங்கிய பயிற்சி அவ்வளவுதான்.

அடுத்த வருடமே ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமல்கூட ஓடிப் போனார். தேயிலைச் செடியில் பாதியைப் பிடுங்கி மரவள்ளி போட்டார்கள். தோட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்து சேர்ந்தான். அவன் எங்கோ ஒரு சினிமா கொட்டகையில் பிடுங்கிய ஒலிபெருக்கியையும் இரண்டு குழாய்களையும் லோரியில் கொண்டுவந்து இறக்கினான். காலையில் எல்லாரும் பெயர் கொடுக்கும் நேரத்தை நாங்கள் பெரட்டு என்போம். அந்தப் பெரட்டுக் களத்தில் உடற்பயிற்சி இசை போடவேண்டும், உத்தரவுகளைத் தமிழில் வாசிக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பாட்டுப் போட்டு ஜனங்களைச் சந்தோஷமாக வைக்கவேண்டும். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் பெண்கள் இடதும் வலதும் குனிந்து நிமிர்ந்த அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பயத்திலும் சிரிப்பு வந்தது.

இந்த வேலைக்கு அதிகாரி பிடித்துப் போட்ட ஆள் அப்பாத்துரை. தேயிலை பேக்டரியில் சரக்குக் கணக்கு எழுதிய கிராணி, முப்பது வயது, தடித்த கண்ணாடி. சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, மேலே ஒரு மப்ளரைச் சுற்றியிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கிராமபோனும் அறுபது இசைத்தட்டும் வைத்திருந்தார். உத்தரவு வாசிக்க ஆண் குரல் வைத்தால் திட்டுகிற மாதிரி இருக்கிறதென்று ஒரு பெண் குரல் தேடினார்கள். தமிழைத் திருத்தமாக வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வாரம் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் உப்பு. அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் ஆசைப்படவில்லை.

முதல் நாள் அவர் என்னிடம் பேசியது மூன்றே வாக்கியம். "தட்ட ஓரத்துல பிடி. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. அடுக்குல கை வெக்காத."

இரும்பு ஊசி தீர்ந்துபோயிருந்தது. அதனால் நாங்கள் மூங்கிலை ஊசியாகச் சீவினோம். நல்ல முற்றின மூங்கிலாகப் பார்த்து, தேயிலை உலர்த்தும் அறையில் மூன்று நாள் காயவைத்து, தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, முனையைச் சாய்வாக வெட்டவேண்டும். ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் முனை மழுங்கிவிடும். மலையில் எப்போதும் ஈரம். ஒரு வாரம் தொடாமல் விட்டால் தட்டில் பூசணம் பூத்துவிடும், ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு உரிந்து வந்துவிடும். ஞாயிறு காலையில் நான் மெல்லிய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, உறையில் அவர் எழுதியிருக்கும் எண்படி அடுக்கி வைப்பேன். அவர் வந்து ஒரு முறை சரிபார்ப்பார். அதற்குப் பிறகு அந்த அடுக்கு பைபிள் மாதிரி. மேலே இருப்பதை எடுப்பது, போடுவது, அவ்வளவுதான் என் வேலை. கிராமபோன் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டு மூச்சைக்கூட மெதுவாக விடுவேன்.

அவர் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பிடித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிடிக்காவிட்டால் "சரி லா" என்பார். அந்த 'சரி லா'வுக்கு நான் நடுங்குவேன்.

அவருடைய ஒரு பழக்கத்தை மட்டும் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். புதிதாக ஒரு தட்டு கிடைத்தால் என்னைப் போடச் சொல்லிவிட்டு, அவர் மலைச்சரிவில் இறங்கி நடந்துகொண்டே இருப்பார். சத்தம் எங்கே காதுக்கு எட்டாமல் போகிறதோ அங்கே நின்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். வெயிலில் ஒரு தடவை, பனி இறங்கின பிறகு ஒரு தடவை. வீணை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் முதல் வரிசை வீட்டைத் தாண்டாது. பெண் குரல் மாட்டுக்கொட்டகை வரைக்கும். நாதஸ்வரம் வைத்த தட்டு என்றால் கீழ்த் தோட்டத்துப் பாலம் வரைக்கும் போகும், அது இரண்டு மைல்.

"ஏன் ஐயா இப்படி நடந்து சாகுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொட்டிக்குப் பக்கத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கேக்குறவன் எங்க இருக்கான்னு தெரிய வேணாமா?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் முப்பது வருடம் சோறு தின்றேன். ஒரு பிஸ்கட் கம்பெனி விளம்பரத்துக்கு வயலின்தான் வேண்டும் என்று அதன் மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். நான் ஒரு சின்ன ரேடியோவோடு அவரைத் தோட்டத்து லயத்துக்கு அழைத்துப் போய், காலைச் சமையல் நேரத்தில் ஒரு வீட்டு அடுப்படியில் உட்கார வைத்தேன். அடுப்புச் சத்தம், குழாயடிச் சண்டை, குழந்தை அழுகை. வயலின் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டு அடி தவில் வைத்துக் கொடுத்தேன். "எங்க பிஸ்கட்டு என்ன மாரியம்மன் திருவிழாவா?" என்று முறைத்தார். அடுத்த வருடமும் என்னிடம்தான் வந்தார். வானொலியில் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நானும் மறுக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் கஷ்டமானது.

சயாம் நாட்டுக் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்த கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் முதல் தடவை நயமாகத்தான் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று கங்காணி வீடு வீடாகச் சொன்னார். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை, ஓர் ஆளும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வெறும் லோரி சத்தம் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். சந்தியாகுவும் இரண்டு தடவை ஓடியிருக்கிறார். தேடிப் பிடிப்பது அதிகாரிக்குப் பெரும்பாடாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அவன் எங்களைக் கூப்பிட்டு, மறுநாள் பேக்டரி மைதானத்தில் பெரிய பாட்டு நிகழ்ச்சி நடத்தவேண்டும் என்றான். கீழ்த் தோட்டத்து ஆட்களும் வரவேண்டும், வருகிறவர்களுக்குச் சீனி கொடுக்கப்படும். அப்பாத்துரை வழக்கம்போலப் பெட்டியருகே இருக்கக்கூடாது, மைதானத்தில் தன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றும் சொன்னான். சீனியைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை வழக்கம்போலத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். அப்பாத்துரை வந்ததும் ஊசி எடுக்க உலர்த்தும் அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அடுக்குக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். மதியம் மைக்கில் அறிவிப்புச் செய்தேன். "எல்லாரும் வாங்க, அண்ணன் தம்பிங்க, அக்கா தங்கச்சிங்க எல்லாரும் குடும்பத்தோட வாங்க" என்று என் குரல் மலைச்சரிவில் எதிரொலித்தது. அன்றைக்குச் சந்தியாகு கீழ்த் தோட்டத்தில் ஒரு வேலைக்குப் போயிருந்தார். என் குரல் எட்டாவிட்டாலும் சேதி அங்கே போயிருக்கும், அவரும் வருவார் என்று எனக்குச் சந்தோஷம்.

மூன்று மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எப்போதும் முதலில் வருகிறவன் முனியாண்டி. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற ஆள், திருவிழாவில் தப்பு அடிப்பான். எங்கள் அறுபது தட்டும் அவனுக்கு மனப்பாடம். கோணிப்பை ஒன்றை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே தலையாட்டத் தொடங்கிவிடுவான். அவனைச் சுற்றி அவனைப் போன்ற பாட்டுப் பைத்தியங்கள் இருபது பேர். வயதான பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் தூரத்துப் பாதையில் வெள்ளை வெள்ளையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

நான் பேக்டரிச் சரக்கறைக்குள் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். முன் ஜன்னல் வழியே மைதானம் தெரியும். பின் ஜன்னலைச் சாத்தலாம் என்று போனவள் அப்படியே நின்றுவிட்டேன். விறகுக் குவியலுக்குப் பின்னால் படுதா போட்ட மூன்று லோரிகள். ஒவ்வொன்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. 'வாங்க வாங்க' என்று நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். என் புருஷனையும் நானே கூப்பிட்டிருக்கிறேன். மைக்கில் 'ஓடுங்க' என்று கத்தலாமா என்று பார்த்தேன். வாசலில் ஒரு சிப்பாய் நின்றான். என்னைச் சுட்டுவிட்டு அவன் லயத்துக்குள் புகுந்தால் என்ன செய்வது? மாதாவே மாதாவே என்று முணுமுணுத்தேனே தவிர, மூளை வேலை செய்யவில்லை. மைதானத்தில் அதிகாரி கைக்குட்டையை ஆட்டினான். அவன் பக்கத்தில் அப்பாத்துரை தலை குனிந்து நின்றார். மேலே இருந்த தட்டை எடுத்து வைத்து ஊசியை இறக்கினேன்.

நாதஸ்வரத்தோடு ஒரு பாட்டு புறப்பட்டது. ஏதோ சாமிப் பாட்டு என்று மட்டும் தெரிந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, மைதானத்தில் ஒரு சலசலப்பு. பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். பாதையில் வந்துகொண்டிருந்த வெள்ளை வரிசை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, வந்த வழியே இறங்க ஆரம்பித்தது.

ஜன்னலுக்குக் கீழே ஒரு கிழவி பேரனை இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏம்மா மேரி, எடுத்த எடுப்புல யாராச்சும் மங்களத்தப் போடுவாங்களா? அபசகுனமா இருக்கே! அதுக்கு மேல எவ உக்காருவா? சீனியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கச்சேரியோ பஜனையோ, மங்களம் பாடினால் முடிந்தது என்று அர்த்தம். கேட்டதும் எழுந்து போய்விடவேண்டும். தமிழ்ச்சாதியில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் மடத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் கடைசியாகப் போடுகிற அந்தத் தட்டு பாடி முடிவதற்குள் நான் உறைகளை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன், காது கொடுத்துக் கேட்டதே இல்லை. காலையில் துடைத்தபோது தலைகீழாக அடுக்கித் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டி அடித்தான். சிப்பாய்கள் குதித்து ஓடி வந்தார்கள். பாதையில் இருந்தவர்கள் அதைப் பார்த்ததும் செடிகளுக்குள் புகுந்து மறைந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்களே தவிர, ஓட வழியில்லை. சிப்பாய்கள் அவர்களைச் சுற்றி வளைத்தார்கள். முனியாண்டியோடு இருபத்து மூன்று பேர்.

என்னை வெளியே இழுத்து வந்து நிறுத்தி அதிகாரி ஏதோ கத்தினான். எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று அழுதேன். அப்பாத்துரை குறுக்கே வந்தார். நெஞ்சில் கையை வைத்து மலாயில், "சாயா, துவான். சாயா" என்றார். நான்தான், ஐயா, நான்தான். அதிகாரி அறைந்த அறையில் கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரக்கறையில் அடைத்தார்கள். பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு லோரி நிறைந்திருந்தது. அதில் கடைசியாக அப்பாத்துரை ஏறினார். மற்ற இரண்டு லோரியும் காலியாகவே அதன் பின்னால் போயின.

வெளிச்சம் இருக்கும்போதே என்னை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனேன். சந்தியாகு வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாலத்துக்கிட்ட வர்றப்பவே மங்களம் கேட்டுச்சு. சரி, முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் திரும்பிட்டோம். ஏன் புள்ள இவ்வளவு வெள்ளன முடிச்சிட்டீங்க?" என்றார்.

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீடெல்லாம் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து நான் தோட்டத்துக்கே தெய்வமாகிவிட்டேன். மங்களத்தைப் போட்டு ஊரைக் காப்பாற்றின மகராசி என்றார்கள். இருக்கிறவர்கள் இல்லாதவர்கள் எல்லாரும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். யுத்தம் முடிந்து வானொலி வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்த பெரிய மனிதரும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் செய்தார். உண்மையைச் சந்தியாகுவிடம் மட்டும் சொன்னேன்.

"நான் வேணும்னு போடலைங்க. தெரியாமப் போட்டுட்டேன்."

"கர்த்தர் போட வெச்சார்னு நெனச்சுக்க."

"அப்ப கிராணி ஐயாவ லோரில ஏத்துனது யாரு?"

நான் செய்த தப்புக்கு அப்பாத்துரை பழியை ஏற்றுக்கொண்டார், அதற்காகச் சயாமுக்குப் போனார் என்றுதான் நினைத்தேன். யுத்தம் முடிகிறவரைக்கும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதம் கழித்து, சயாமிலிருந்து ஏழு பேர் திரும்பி வந்திருப்பதாகவும் அதில் கிராணியும் ஒருவர் என்றும் சேதி வந்தது. தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சந்தியாகுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடினேன். கட்டிலில் எலும்பும் தோலும்தான் இருந்தது. காலில் பெரிய கட்டு. கண்ணாடி இல்லாத முகத்தை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என் குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

"மேரிம்மாவா? ஊசியெல்லாம் பத்திரமா இருக்கா?"

இரண்டு ஸ்பூன் கஞ்சி கொடுப்பதற்குள் எனக்குத் தாங்கவில்லை. "ஐயா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அன்னிக்கு அடுக்க மாத்தி வெச்சுட்டேன். மங்களம்னா என்னன்னே எனக்குத் தெரியாது ஐயா. என்னாலதான் நீங்க..."

"யாரு மாத்தி வெச்சா? நீ சரியாத்தான் அடுக்கியிருந்த" என்றார். "ஊசி எடுக்கப் போனியே, அப்ப அடியில கெடந்தத எடுத்து மேல வெச்சேன்."

பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற சீன டிரைவர் ஒருவன் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் சொல்லியிருக்கிறான். மலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பாட்டுக் கேட்க வாருங்கள் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். வீடு வீடாகச் சொல்ல நேரமில்லை, சொன்னாலும் யார் காதுக்காவது போய்விடும். நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். பாலம் வரைக்கும் போகிற தட்டு, கேட்டவன் திரும்பிப் போகிற பாட்டு. இரண்டும் அந்த ஒன்றுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா அவன் கேக்குறப்ப நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும். சிஸ்டருங்க வளத்த புள்ள, உனக்குப் பொய் வராது. தெரியாதுன்னு அழுதியே, அத யாரு பாத்தாலும் நம்புவான்."

அவர் அதையும் அளந்துதான் வைத்திருக்கிறார். கோபம் போய், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். என் புருஷன் வீட்டில் இருக்கிறார் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று அழுதேன்.

"எனக்கு எதுக்குச் சொல்ற? முனியாண்டிக்குச் சொல்லு. மைதானம் காலியா இருந்திருந்தா அந்த ஜப்பான்காரப் பாவி நேரா லயத்துக்குள்ள பூந்திருப்பான். முன்னால உக்காந்திருந்தவங்கள வெச்சு ஒரு லோரி ரொம்புனதால அதோட போயிட்டான். தூரத்துல இருக்குறவன திருப்பி அனுப்ப என்கிட்ட ஒரு பிளேட்டு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு ஒண்ணும் இல்ல, மேரிம்மா. பாட்டு மேல உசுரா இருந்தவன்தான் மொதல்ல வந்து மாட்டுனான்."

"உங்கள அறைஞ்சதோட விட்டிருக்கலாமே, எதுக்கு லோரில ஏத்துனான்?"

"அவன் எங்க ஏத்துனான்? அறைஞ்சிட்டுப் போடான்னுட்டான். நானாத்தான் ஏறுனேன். முனியாண்டி லோரில இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்."

நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அங்க போயும் அவன் பாட்டுத்தான் கேட்டான். காய்ச்சல்ல படுத்துக்கிட்டு, ஒரு பாட்டுப் பாடுங்க ஐயாம்பான். எனக்கு எங்க பாட வரும்? அடுக்கத்தான் தெரியும். அதனால பாட்டுங்களோட பேர மட்டும், ஞாயித்துக்கெழம போடுற வரிசையில, ஒண்ணொண்ணா மெதுவாச் சொல்லுவேன். ஒவ்வொரு பேருக்கும் அந்தப் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் விட்டு, அப்புறம் அடுத்தது. அவன் கண்ண மூடிக்கிட்டுத் தலையாட்டுவான். ஒண்ணு விட்டுப்போனாக்கூட, ஐயா நடுவுல ஒரு பிளேட்ட முழுங்கிட்டீங்கன்னு சிரிப்பான். ஒரு நாளு தூக்கக் கலக்கத்துல ரெண்டு பேர விட்டுட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல."

மீதிக் கஞ்சியைக் கொடுத்து முடித்தேன். பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் சந்தியாகு எனக்காக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.